சம்பந்திக்கு ஒரு டச்சு வசனம்

"ஹலோ... ஹலோ, பிள்ளை... ஓம், ஓம், அப்பாதான். ஏன் இப்பிடி மூச்சு வாங்குறாய்?... என்னது? நான் ஆரையும் வெருட்டேல்லையே!"

பாலேந்திரன் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்று, கட்டுகஸ்தோட்டையில் மனைவியோடு இருப்பவர். மறுமுனையில் ஒல்லாந்திலிருந்து மகள் கஜாலினி. அங்கே ஒரு டச்சுக்காரப் பையனை விரும்பி, தை மாதம் கண்டியில் கலியாணம் என்று முடிவாகியிருந்தது. தகப்பன் மண்டபம் பிடித்தார், ஐயருக்குச் சொன்னார், சமையல்காரரோடு சண்டையும் பிடித்தார். ஆனால் சம்மதம் என்று வாய் திறந்து ஒரு சொல் சொன்னதில்லை.

"ஹெங்க்குக்கோ? ஓம், நேற்று ஒரு வொய்ஸ் மெசேஜ் அனுப்பினனான். சம்பந்தியோட ஒரு சொல்லும் கதைக்காமல் எப்பிடிப் பிள்ளை மணவறையில போய் நிக்கிறது?... டச்சிலதான். ஏன், எனக்கு வராதோ?"

ரொட்டர்டாம் துறைமுகத்தில் நெடுங்காலம் வேலை செய்துவிட்டுத் திகனவில் கடை போட்டிருக்கும் அரூஸிடம், வீட்டுக்குத் தெரியாமல் அவர் டச்சு படித்துவந்தார். சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லி பஸ் ஏறுவார். சில நாள் மரக்கறி வாங்க மறந்தும் போவார்.

"பிழை வர வழியில்லை, கேள். வினைச்சொல் ரெண்டாம் இடத்தை விட்டு அசையாது. 'இண்டைக்கு நான் போறன்' எண்டு அவங்கள் சொல்ல மாட்டாங்கள். 'இண்டைக்குப் போறன் நான்.' முன்னுக்கு ஆர் வந்து குந்தினாலும் ரெண்டாம் கதிரை வினைக்குத்தான்... ஓம், ஓம், பொறு. அதிலயும் சில வினை ரெண்டாப் பிளக்கும். 'ஒப்பெல்லன்', கோல் எடுக்கிறது. அதில 'ஒப்' கழண்டு போய்க் கடைசியில நிக்கும், 'பெல்' ரெண்டாம் கதிரையில. எல்லாம் பார்த்துத்தான் போட்டனான். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குக் கோல் எடுப்பன் எண்டு. 'டாஹ் ஹெங்க், இக் ஹங் ஊ ஸொந்தாஹ் ஒப்.'"

...

"என்ன, பிழையோ?... 'பெல்' இல்லையோ? நான் 'ஹங்' எண்டே சொன்னனான்?... ஹங் எண்டால் ஃபோனை வைக்கிறதெல்லோ?... ஓ... ஆளைச் சேர்த்துச் சொன்னால்?... தூக்கிலயோ!"

ஃபோன் எடுப்பதையும் வைப்பதையும் அரூஸ் ஒரே நாளில் படிப்பித்திருந்தார். அதோடு ஹெங்க், ஹெங்க் என்று சம்பந்தியின் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு 'ஹங்'கில் போய் விழுந்துவிட்டது.

"ஞாயிற்றுக்கிழமை உங்களைத் தூக்கில போடுவன்... ஐயோ, இண்டைக்கு ஞாயிறெல்லே!... சிரியாதை பிள்ளை! 'ஊ' எண்டு மரியாதையாத்தானே சொன்னனான்... சரி, சரி, மரியாதையாத் தூக்கினாலும் தூக்குத்தான்."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மகளின் அடுத்த பேச்சில் அது நின்றுபோனது.

"என்ன ரிக்கற்?... அவை கலியாணத்துக்கு வாற ரிக்கற்றோ?... ஏன் கேன்சல் பண்ணோணும்?... பெடியன்ட தாய்க்காரியோ அப்பிடிச் சொன்னவ?... எனக்கு விருப்பமில்லை எண்டு ஆர் சொன்னது? நான் அப்பிடி ஒருக்காலும்... ம்... ம்... ஓம், விருப்பம் எண்டும் சொல்லேல்லைத்தான்."

வெளியே யாரோ முச்சக்கரவண்டியை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள், அது கிளம்பவில்லை. மண்டபம் பிடித்தால் விளங்காதா, ஐயருக்குச் சொன்னால் விளங்காதா என்று கேட்க நினைத்தார். மகளுக்கே விளங்கியிருக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"எங்க நிக்கிறாய் இப்ப?... அவையின்ட வீட்டிலயோ! பக்கத்தில ஆர்?... ஸ்பீக்கரிலயோ போட்டனி? எப்ப துவக்கம்?... முதல்ல இருந்தேயோ!"

பாலேந்திரன் அவசரமாகச் சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டினார். ஃபோனை வைத்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். அரூஸ் சொல்லித் தந்தவற்றில் அவருக்கு ஆகப் பிடித்த பாடம் ஒன்று இருந்தது: 'டாத்' என்ற சொல் வந்துவிட்டால், அதன்பின் வினை தன் இரண்டாம் இடத்தை விட்டுவிட்டுக் கடைசிக்குப் போய்விடும்.

"ஹெங்க்... டாஹ், ஹெங்க். இக் பென் ப்ளை... டாத் மைன் டொஹ்தர்... ஊவ் ஸோன்... ஹெகோசன் ஹேஃப்ட்."

அந்தப் பக்கத்தில் ஒரே ஆரவாரம்.

"என்ன, கை தட்டுறாரோ?... தாய்க்காரியுமோ?... அப்ப ரிக்கற்... ஆ, கேன்சல் இல்லையோ, அது போதும்... பிள்ளை? உனக்கென்ன வேணும்?... தமிழில சொல்லோணுமோ? உனக்குத்தான் டச்சு விளங்குமே!... சரி, சரி, அழாதை, சொல்லுறன். லேசுதான், ஒரு சொல்லும் இடம் மாறாது. 'டாத்' எண்டதுக்குப் பிறகு அப்பிடியே எங்கட வசனம். மைன் டொஹ்தர், என்ட மகள். ஊவ் ஸோன், உங்கட மகனை. ஹெகோசன் ஹேஃப்ட்... தெரிஞ்செடுத்திருக்கிறாள். அதில எனக்குச் சந்தோசம்."

...

"ஓம்... ஓம், பிள்ளை... ஓமெண்டுதானே சொல்லுறன்... முழுச் சம்மதம்... இல்லை, அம்மா சொல்லித் தரேல்லை, அவ கோயிலுக்குப் போட்டா... ஓம்... இன்னும் எத்தினை தரம் கேட்பாய்?... ஓம்!... சரி, நீயே வை. எனக்கு இப்ப வைக்க வருகுதில்லை."