என் சாவியில் வெளியான பதிப்பு

வயது 43, மென்பொருள் எழுதும் தொழில். மேற்கண்ட விலாசத்தில் கணவர், மகள், தாயார் ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். அதிகாரி விசாரித்ததன்பேரில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய தரவுத்தள மென்பொருள் ஒன்றைப் பதினோரு வருடங்களாகக் குழுவாக நடத்தி வருகிறோம். அது வெளியார் எழுதிய முப்பத்தெட்டு லைப்ரரிகளை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகளை, நம்பி ஓடுகிறது. எதன் எந்தப் பதிப்பு எங்களுக்கு ஒத்துவரும் என்று சோதித்துப் பட்டியலைப் பூட்டி வைப்பது என் பொறுப்பு. ஒவ்வொரு வெளியீட்டிலும் எங்களில் ஒருவர் தன் சாவியால், அதாவது கையெழுத்துக்குச் சமமான ரகசியக் குறியீட்டால், ஒப்பமிட வேண்டும். மற்றவர் சாவியில் ஒப்பமிட்டால் இன்னொருவர் சரிபார்த்த பிறகே வெளியீடு போகும். என் சாவிக்கு அந்த நிபந்தனை இல்லை.

குழுவில் ‘கண்ணாடி’ என்று அழைக்கப்படும் நபர் ஆரம்பம் முதல் என்னுடன் இருப்பவர். என்னை அக்கா என்பார். என் மகளுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தவர் அவர்.

தகவலைச் சுருக்கி வைக்கும் லைப்ரரியின் 3.5 பதிப்பில் பழைய பதிவுகளைப் படித்தால் கடைசி எழுத்து விழுந்துவிடுவதை நாங்கள் இருவரும்தான் கண்டுபிடித்து, 3.4-லேயே நிறுத்தினோம். அந்தப் பிழையைப் பிடிக்கும் சோதனையை எழுதியவர் அவர்.

கடந்த மாதம் 6-ஆம் தேதி என் தாயாரை இருதய அறுவைக்குச் சேர்த்தேன். அவசர வேலை எதுவும் தடைபடக்கூடாதென்று என் சாவியை மேற்படி நபருக்கு அனுப்பி, 3.4-ஐ மட்டும் தொடாதே என்றேன். “எனக்குத் தெரியாதாக்கா? நீங்க அம்மாவப் பாருங்க” என்றார்.

8-ஆம் தேதி காலை 11.10-க்கு, 3.5-ஐச் சேர்த்து என் சாவியில் புதிய வெளியீடு போயிருக்கிறது. 11.25-க்கு அவர் எனக்கு போன் செய்து, தாயார் எப்படி இருக்கிறார், நான் சாப்பிட்டேனா என்று ஒன்பது நிமிடம் பேசினார். வெளியீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் நன்றி சொன்னேன்.

அதன்பிறகு 12-ஆம் தேதி, எங்கள் மென்பொருளைப் பயன்படுத்தும் ஒரு ரத்த வங்கியின் கணினிப் பொறியாளர் அழைத்தார். கொடையாளர் பதிவில் ரத்த வகையின் கடைசியில் வரும் + அல்லது − குறி மறைந்துபோனதால், நெகட்டிவ் ரத்தம் கொடுப்பவர் ஒருவரும் இல்லை என்று கணினி காட்டியதாகவும், ஒரு பிரசவ அறுவை ஐந்து மணி நேரம் தள்ளிப்போனதாகவும், தாய் பிழைத்துவிட்டார், குழந்தை பிழைக்கவில்லை என்றும் சொன்னார்.

உடனே 3.4-ஐத் திரும்ப வைத்து வெளியிட்டு, எல்லாப் பயனாளர்களுக்கும் எச்சரிக்கை எழுதி, என் சாவியை ரத்து செய்தேன். பிழையைப் பிடிக்கும் சோதனை அழிக்கப்பட்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

அன்று மாலை அவர் என் வீட்டுக்கு வந்தார். தன் கம்பெனியின் புதிய மென்பொருளுக்கு 3.5 அவசரமாகத் தேவைப்பட்டது என்றார். என் சாவி எதற்கு என்று கேட்டேன்.

“உங்க பேருன்னா யாரும் திறந்து பாக்க மாட்டாங்கக்கா.”

நான் கதவைச் சாத்தினேன். மாமாவை ஏன் உள்ளே கூப்பிடவில்லை என்று மகள் கேட்டாள். மறுநாள் அவர் குழுவுக்கு, “அம்மா கவலைல அக்கா கவனிக்காம விட்டுட்டாங்க, பாவம், யாரும் திட்டாதீங்க” என்று எழுதினார்.

நான் சாவி அனுப்பிய செய்தியின் நகலையும், வெளியீடு எந்தக் கணினியிலிருந்து போனது என்ற விவரத்தையும் ஒப்படைக்கிறேன். விதியை மீறிச் சாவியைக் கொடுத்தது நான். அதை மறைக்கவில்லை. இன்று காவல் நிலையத்து வாசலில் அந்தக் குழந்தையின் தகப்பனார் நின்றிருந்தார். நீங்கள் யார் என்று கேட்டார். அந்தச் சாவி என்னுடையது என்று சொன்னேன்.

மேலே உள்ளதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)