வலையில் வந்த ரேஸ் கார்

தேங்காய்ப்பட்டணம் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு நண்பர்கள். ஒருவன் மடியில் நீண்ட ஏரியலோடு ஒரு ரிமோட் மட்டும் இருந்தது.

“எனக்க காரை ஏலத்துல விட்டுட்டாவ, மக்கா.”

“எந்தக் காரு?”

“அப்பா பண்டு சவுதியில இருந்து கொண்டுவந்த ரிமோட் காரு. ரேசுக்காக புது மோட்டரும் பேட்டரியும் போட்டேன். நேத்து கடப்புறத்துல ஓட்டிப் பாத்தேன். பிரேக் பிடிக்காம நேரே கடலுக்குள்ள போயிட்டு. பெறவு கரமடி வலையில மீனோட வந்துது.”

“உனக்க காருண்ணு சொல்லலியா?”

“சொன்னேன். வலையில வந்தா ஏலந்தாண்ணுட்டாவ.”

“யாரு எடுத்தா?”

“எங்க அப்பாதான். பழைய மோட்டரை மாட்டி அவரே ஓட்டப் போறாராம்.”

“ரிமோட்டு உங்கிட்ட இருக்கே?”

“அதைத்தான் காலையில இருந்து கேக்குதாரு. வலையில வந்தா எடுத்துக்கிடுங்கண்ணு சொல்லிட்டேன்.”