விசில் வராத சமையல்

ராஜம்மா: அணைச்சிடுடி நாகு. சொன்னா கேளு. இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப் போவல.

நாகவல்லி: மொதல்ல கதவ சாத்துங்கக்கா. காத்துக்கு ஸ்டவ் திரி அணைஞ்சி அணைஞ்சி போவுது.

ராஜம்மா: போவட்டும். மாமியா செத்துப்போன சேதி வந்த ஊட்ல அடுப்பு எரியலாமா? எங்கனா கேட்டுக்கீறியா நீ?

நாகவல்லி: மெதுவா பேசுங்க. பக்கத்து போர்ஷனுக்கு கேக்கும்.

ராஜம்மா: இன்னிக்கி தெரியாது. நாளைக்கி தெரியுமில்ல? சாயங்காலமே பரந்தாமன் கடைக்கு போன் வந்திச்சி, செத்துட்டாங்கன்னு மட்டும் சொல்லி வெச்சிட்டாங்க. அவரு வந்து ஒங்கிட்ட சொன்னாரு. நானும் பக்கத்துலதான் நின்னேன். அதுக்கப்பால நீ ஒலை வெச்சேன்னா...

நாகவல்லி: யார்னா கேட்டா பாத்துக்கலாம்.

ராஜம்மா: இந்த லைன்ல எவளாச்சும் ஒருத்தி, குக்கர் விசில் கேட்டுச்சேன்னு சொன்னா போதும். ஒம் மாமியா ஊரு குத்தம்பாக்கம் வரைக்கும் பூடும்.

நாகவல்லி: அதான் குக்கரையே எடுக்கல. பாருங்க, குண்டான்லதான் வெச்சிக்கீறேன்.

ராஜம்மா: அடிப்பாவி... எல்லாம் யோசிச்சிதான் பண்றியா?

நாகவல்லி: பின்ன? தெனம் கம்பெனிலேந்து வந்ததும் அரிசிக்கு மேல பருப்பு கிண்ணத்த வெச்சி மூடி போட்டுடுவேன். நான் மூஞ்சி கய்விகினு வர்றதுக்குள்ள ஆயிடும். இன்னிக்கின்னு பாத்து... இந்த பருப்பு வேவ மாட்டேங்குது.

ராஜம்மா: ஒரு வேளை பட்னி கெடந்தா உத்தமனுக்கு இன்னா ஆயிடப்போவுது? ஊர் ஒலகத்துல யாரும் கெடக்கலியா?

நாகவல்லி: எம் மாமனாரு செத்தப்போ நீங்களும்தான வந்தீங்க.

ராஜம்மா: வந்தேன்...

நாகவல்லி: ஒரே புள்ள, கொள்ளி வெக்கறவன், எடுக்கற வரைக்கும் எதையும் தொடக்கூடாதுன்னு உக்கார வெச்சாங்க. மறுநா பொயுது சாஞ்சிதான் எடுத்தாங்க. சுடுகாட்லயே ரத்தமா வாந்தி எடுத்தாரா இல்லியா?

ராஜம்மா: சட்டையெல்லாம் ரத்தம். மறக்க முடியுமா அத.

நாகவல்லி: வயித்துல புண்ணு, காய உடாதீங்க, இன்னொரு தபா இப்டி வந்தா எங்க கைல ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இந்த சேதி அவரு காதுல உய்ந்துச்சின்னா ஒரு பருக்க உள்ள போவாதுக்கா. அவரும் துன்னமாட்டாரு, பங்காளிங்களும் உடமாட்டாங்க. சேதிக்கு முன்னாடி சோறு உள்ள பூடணும். எனக்கு அவ்ளோதான் வோணும்.

ராஜம்மா: மறைச்சி வெச்சி போட்டேன்னு தெரிஞ்சா சும்மா உடுவானா?

நாகவல்லி: திட்டட்டும். அடிக்கட்டும். வயித்துல சோத்தோட அடிக்கட்டும்.

ராஜம்மா: ஒம் மாமியா ஏற்கெனவே ஒம்மேல ஒரு பேச்ச போட்டு வெச்சிட்டு பூட்டா. அதையும் நெனச்சிக்க.

நாகவல்லி: ஒண்ணா ரெண்டா? ஆஸ்பத்திரில அத்தினி பேர் முன்னாடி சொன்னாங்களே... வேலைக்கி போறவ நேரத்துக்கு சோறு போட்டிருந்தா எம் புள்ள வயிறு ஏன் புண்ணாவுதுன்னு. அன்னிலேந்து அவுங்களும் பேசல, நானும் பேசல. தானா சரியாப் பூடும்னு நெனச்சேன். இப்ப எங்க போய் பேசறது?

ராஜம்மா: அழாதடி. கண்ணு செவந்தா கேப்பான்.

நாகவல்லி: வெங்காயம் உரிச்சேன்னு சொல்லிக்கிறேன்.

ராஜம்மா: பருப்புல வெங்காயமே காணோம்.

நாகவல்லி: அக்கா...

ராஜம்மா: சரி, சரி. மத்து எங்க? குடு இங்க, நான் கடையறேன். நீ சோத்த வடி. ஒம் பொண்ணு எங்க ஊட்லயே துன்னுட்டு படுக்கட்டும். அவ வந்து ஒளறி வெச்சான்னா வம்பு.

நாகவல்லி: அவளுக்கு தெரியாதுக்கா. நான் இன்னும் சொல்லல. நீங்க இன்னொண்ணு பண்ணணும். பரந்தாமன் ஊருக்கு போற வண்டி விஷயமா வர்றேன்னு சொல்லிக்கீறாரு. இவுரு துன்னுட்டு எயுந்திரிக்கிற வரைக்கும் உள்ள உடாதீங்க.

ராஜம்மா: என்னியும் பாவத்துல இயுத்துட்ட. இரு... செருப்பு சத்தம். அவன்தான். மூஞ்சிய தொடச்சிக்க.

உத்தமன்: இன்னாக்கா, எங்க ஊட்லேந்து ஓடி வர்ற?

ராஜம்மா: ஓடலப்பா, நடந்துதான் வரேன். நீ போ, போய் சாப்டு.

உத்தமன்: வந்ததும் வராததுமா சாப்டுன்ற?

ராஜம்மா: பசியோட வந்திருப்பியேன்னு சொன்னேன். ஒரு பேச்சுக்கு.

நாகவல்லி: வந்துட்டியா? கை கால் கய்விகினு வா. தட்டு போட்டாச்சி.

உத்தமன்: சட்டைய கயட்ட உடுமே.

நாகவல்லி: அப்பால கயட்டிக்கலாம். சூடு ஆறிடும்.

உத்தமன்: லோகா எங்க?

நாகவல்லி: அக்கா ஊட்ல. அங்கயே துன்னுட்டா. டிபன் பாக்ஸ் எங்க?

உத்தமன்: கம்பெனில மறந்துட்டேன்.

நாகவல்லி: துன்னியா, அப்டியே கீதா?

உத்தமன்: ...அப்டியேதான்.

நாகவல்லி: காலைலேந்து பட்னியா? மாத்திரை?

உத்தமன்: நடுவுல வேற வேல வந்துச்சி. அத்த உடு. சோறு ஆச்சா?

நாகவல்லி: நீயா சோறு கேக்கற?

உத்தமன்: ஏன், கேக்கக்கூடாதா?

நாகவல்லி: கேளு. தெனம் நான்தான தட்ட வெச்சிகினு கெஞ்சுவேன், அதுக்கு சொன்னேன். கருவாடு கொயம்பு வெக்கல. நேரமாயிடுச்சி. வெறும் பருப்புதான்.

உத்தமன்: நல்லதாப் போச்சி. அதெல்லாம் வேணாம் இன்னிக்கி.

நாகவல்லி: காலைல ஆசையா சொல்லிட்டு போனியே.

உத்தமன்: காலைல சொன்னேன். போடு.

நாகவல்லி: காரம் போடல. நெய்யி ஊத்தறேன். நல்லா பெசைஞ்சி துன்னு.

உத்தமன்: குண்டான்லயா வடிச்ச? குக்கர் இன்னாச்சி?

நாகவல்லி: வாஷர் பூட்ச்சி.

உத்தமன்: போன வாரந்தான புதுசு வாங்கி போட்டேன்.

நாகவல்லி: நீ வாங்குனதுதான? அதான் பூட்ச்சி.

உத்தமன்: ம்... எல்லாத்துக்கும் நான்தான்.

நாகவல்லி: பேசாத. துன்னு. மெதுவா... மென்னு துன்னுய்யா, யாரும் புடுங்க வரல.

உத்தமன்: ஜல்தியா துன்னாலும் திட்டற, பொறுமையா துன்னாலும் திட்டற.

ராஜம்மா: நாகு... கொஞ்சம் வாசலுக்கு வர்றியா?

நாகவல்லி: சோறு போட்டுகினு கீறேன்க்கா. இன்னா?

ராஜம்மா: இல்ல, பரந்தாமன் தெரு மொனைல வர்றாரு. அதான்...

உத்தமன்: யாரு, கடைக்காரரா? உள்ள கூப்டுக்கா.

நாகவல்லி: வேணாம். கெரசின் வந்தா சொல்ல சொல்லிக்கீறேன், அதுக்கு வர்றாரு. அக்கா, நீங்களே பேசி அனுப்பிடுங்க.

உத்தமன்: எனக்கும் அவர்கிட்ட ஒரு வேல கீது. இரு, ஒரு நிமிசம்...

நாகவல்லி: எயுந்திரிக்காத.

உத்தமன்: இன்னாமே, கத்தற?

நாகவல்லி: கத்தல. பாதி சோத்துல எயுந்திரிக்கிற, அதுக்கு சொன்னேன். ஒக்காரு. எந்தலைல அடிச்சி சொல்றேன், ஒக்காருய்யா.

உத்தமன்: சரி, சரி. ஒக்காந்துட்டேன். கைய எடு.

ராஜம்மா: நான் பேசிக்கிறேன் தம்பி. நீ துன்னு. நாளைக்கி கெரசின் வாங்கிக்கறோம்னு சொல்லிடறேன்.

உத்தமன்: வேர்த்து கொட்டுது ஒனக்கு.

நாகவல்லி: அடுப்பாண்ட நின்னா வேர்க்காதா? இன்னும் கொஞ்சம் போடறேன்.

உத்தமன்: போடு. நீயும் தட்டு எடுத்தா.

நாகவல்லி: நான் அப்பால துன்றேன்.

உத்தமன்: இப்ப துன்னு.

நாகவல்லி: பசி இல்லய்யா. கம்பெனில யாரோ வெளியூர் போயி வந்தாங்கன்னு முறுக்கு குடுத்தாங்க.

உத்தமன்: நீ ஒக்காந்தாதான் நான் அடுத்த வாய் வெப்பேன். வேணாம்னா சொல்லு, கைய கய்விடறேன்.

நாகவல்லி: கய்வாத. இன்னா அடம் இது... சரி, ஒக்கார்றேன். கொஞ்சமா போட்டுக்கறேன்.

உத்தமன்: கொஞ்சமா இல்ல. நெறைய போட்டுக்க. நெய்யி ஊத்திக்க.

நாகவல்லி: ஒனக்கு இன்னிக்கி இன்னா வந்துச்சி? நா துன்றேனா இல்லியான்னு என்னிக்கி பாத்துக்கீற நீ?

உத்தமன்: பாக்காதது தப்புதான். துன்னு.

நாகவல்லி: ம்.

உத்தமன்: கைல வெச்சிகினே கீற. வாய்ல வெய்யி.

நாகவல்லி: வெச்சிட்டேன். நீ ஒன் தட்ட பாரு.

உத்தமன்: நாகு...

நாகவல்லி: இன்னா?

உத்தமன்: ஆஸ்பத்திரில அம்மா அன்னிக்கி ஒன்னிய பேசிச்சில்ல...

நாகவல்லி: சாப்டும்போது எதுக்கு அந்த பேச்சு?

உத்தமன்: மனசுல வெச்சிகினு கீறியா இன்னும்?

நாகவல்லி: வேற பேசுய்யா.

உத்தமன்: கேக்கறேன், சொல்லு.

நாகவல்லி: வெச்சிருந்தேன். ராத்திரில நெனச்சி நெனச்சி அய்திருக்கேன். இப்ப இல்ல.

உத்தமன்: எப்பலேந்து இல்ல?

நாகவல்லி: இன்னா இது, போலீஸ் மாறி நோண்டற? இல்லன்னா இல்ல. பெரியவங்க, ஒரு வார்த்த சொல்லிட்டாங்க...

உத்தமன்: தண்ணி குடி. பொறை ஏறிச்சி பாரு. தலைய தட்டிக்க.

நாகவல்லி: ஒண்ணுமில்ல. நெஞ்சுல நின்னுகிச்சி. நீ துன்னு.

ராஜம்மா: இன்னாம்மா, ஆச்சா?

நாகவல்லி: இன்னும் ரெண்டு வாய்க்கா.

ராஜம்மா: ரெண்டு வாய் துன்ன இவ்ளோ நேரமா? நான் எவ்ளோ நேரம்தான் வாசல்ல...

உத்தமன்: வாசல்ல எதுக்கு நிக்கற நீ? உள்ள வாயேன்.

ராஜம்மா: வேணாம்ப்பா. உள்ள புயுக்கமா கீது.

உத்தமன்: மோர் கீதா?

நாகவல்லி: கீது. கீது. இந்தா சோறு, இந்தா மோரு. உப்பு சரியா பாரு.

உத்தமன்: எல்லாம் சரியாத்தான் கீது.

நாகவல்லி: வயிறு எப்டி கீது?

உத்தமன்: நெறைஞ்சிடுச்சி. காலைலேந்து எரிஞ்சிகினு இருந்துச்சி, இப்ப இல்ல.

நாகவல்லி: சத்தியமா?

உத்தமன்: சத்தியமா. நீ துன்னு முடி.

நாகவல்லி: முடிச்சிட்டேன். இந்தா, தண்ணி. கைய கய்வு. மாத்திரைய போட்டுக்க. முயுங்கிட்டியா?

உத்தமன்: முயுங்கிட்டேன்.

நாகவல்லி: இப்ப இப்டி செவுத்துல சாஞ்சி ஒக்காரு. அக்கா, நீங்களும் உள்ள வாங்க.

ராஜம்மா: வந்துட்டேன். பதறாம சொல்லுடி.

நாகவல்லி: நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்ய்யா. நீ இன்னா வோணா பண்ணு என்ன. அத்த... அத்த பூட்டாங்க. சாயங்காலமே போன் வந்துச்சி. தெரிஞ்சிதான் அடுப்பு மூட்னேன். தெரிஞ்சிதான் ஒனக்கு போட்டேன். நானும் ஒக்காந்து துன்னேன்... அங்க அவுங்கள கெடத்தி வெச்சிக்கீறாங்க, இங்க நான் நெய்யி ஊத்திகினு துன்னேன். மாமா சாவுல நீ ரத்தம் கக்குனத பாத்தவ நானு. இன்னொரு தபா என்னால பாக்க முடியாது. வாய தெறந்து ஒரு வார்த்த திட்டேன். இப்டி பாக்காத.

ராஜம்மா: அவ வோணும்னு பண்ணல தம்பி. ஒன் வயித்துக்காவ பயந்துகினு...

உத்தமன்: தெரியும்க்கா.

ராஜம்மா: இன்னா தெரியும்?

உத்தமன்: அம்மா பூட்டது. ரொம்ப முடியலன்னு மத்தியானமே கம்பெனிக்கு ஆள் வந்துச்சி. குத்தம்பாக்கத்துலேந்துதான் வர்றேன். எம் மடிலதான் உசுரு போச்சி.

நாகவல்லி: அங்கேந்தா? பாத்துட்டு வந்தா இப்டி... கேட்டு கேட்டு வாங்கி துன்னே?

உத்தமன்: பொண்டாட்டி புள்ளைய இட்டுகினு வர்றேன்னு சித்தப்பா மவன் கோவிந்தன்கிட்ட சொல்லிட்டு வந்தேன்.

நாகவல்லி: வந்தவன் வாசல்லயே சொல்லியிருக்கலாம்ல? நான் ஒருத்தி உள்ள செத்து செத்து பொயச்சிகினு... ஏன்ய்யா சொல்லல?

உத்தமன்: சொன்னா ஒடனே அடுப்ப அணைச்சிடுவே, நீயும் பட்னியா வருவேன்னு நெனச்சேன். அதுவும் இல்லாம, அம்மா சொன்னத செய்யணும் இல்ல? கண்ணு சொருவறதுக்கு முன்னாடி என் கைய புடிச்சிகினு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிச்சி. "நான் பூட்டா ஒன்னிய இவனுங்க துன்ன உடமாட்டானுங்க. யார்கிட்டயும் சொல்லாம ஊட்டுக்கு போய் துன்னுட்டு வந்து கொள்ளி வெய்யிடா. அவகிட்ட போ... அவ நேரத்துக்கு போட்டுடுவா"ன்னுச்சி.