வார்னிஷ் வாடை

எனக்கு வயது ஐம்பத்தொன்பது. துறைமுகத்தின் பின்வாசலுக்கு எதிர்ச் சந்தில் உள்ள மாடிக் குடியிருப்பில், இரண்டாம் தளத்தில், கணவருடன் வசித்து வருகிறேன். பெயரும் கதவு எண்ணும் முதல் பக்கத்தில் எழுதப்பட்டுள்ளன. திரைச்சீலை தைக்கும் கடையில் துணி வெட்டும் வேலை பார்க்கிறேன். எங்களுக்கு ஒரே மகள், மணமாகி வெளியூரில் இருக்கிறாள். இன்று காவல் நிலையத்தில் ஆய்வாளர் கேட்டதன் பேரில், யாருடைய தூண்டுதலும் இல்லாமல், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரைக் குடிகாரர் என்று அக்கம்பக்கத்தில் யாரும் சொல்ல முடியாது. அவருக்கு இருந்தது வேறு பித்து. இளவயதில் ஒரு சரக்குக் கப்பலின் கேப்டன் தன் அறைக்கு அழைத்து, ஒரு விரற்கடை அளவு விஸ்கி ஊற்றிக் கொடுத்தாராம். அந்த வடிசாலை அப்போதே மூடப்பட்டுவிட்டதாம். அன்றிலிருந்து அந்த விஸ்கியை இன்னொரு முறை பார்த்துவிட வேண்டும் என்று ஏலக்கடை, மூடிய ஓட்டல்கள், கப்பல்காரர்கள் என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். தேடிய இடங்களில் கிடைத்த வேறு அரிய பாட்டில்களை வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்வார். அவற்றை வீட்டில் தனியாகத் திறந்ததில்லை. அவரைப் போன்றவர்கள் கடைத்தெரு மன்றத்தின் மாடி அறையில் மாதம் ஒருமுறை கூடி, ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றி, முகர்ந்து, பேசி, பிறகு குடிப்பார்கள். அந்தக் கூட்டத்தில் என் கணவருக்கு மோப்பக்காரர் என்று பெயர். கண்ணை மூடி முகர்ந்தாரென்றால் எந்த ஊர்ச் சரக்கு, எந்த மரப் பீப்பாய், எத்தனை வயது என்று சொல்லிவிடுவார். அவர் சரி என்ற பிறகுதான் மற்றவர்கள் வாயில் வைப்பார்கள்.

இறந்துபோனவர் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர். டிராயிங் மாஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். என் கணவருக்கு உயிர் நண்பர். என்னைத் தங்கச்சி என்பார். "எங்க நல்ல சரக்கு இருந்தாலும் உன் வீட்டுக்காரனுக்கு மூக்குல வேர்த்துடும், தங்கச்சி" என்று சொல்லிச் சிரிப்பார்.

சென்ற மழைக்காலத்தில் என் கணவருக்குக் கடுமையான காய்ச்சல் வந்து நீங்கியது. அதன் பிறகு ஒரு நாள், அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பார்த்துக்கொள்ளுமாறு சொல்லி நான் கீழே தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். திரும்பி வரும்போது மாடிப்படியிலேயே தீய்ந்த வாடை அடித்தது. உள்ளே வந்து பார்த்தால் பாத்திரம் கருகி வீடு முழுவதும் புகை. அவர் அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நான் கத்திய பிறகுதான் திரும்பினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் எழுந்து போய்த் தலைவலித் தைலத்தை எடுத்து முகர்ந்தார், பிறகு வெங்காயத்தை நசுக்கி முகர்ந்தார், பிறகு மண்ணெண்ணெய்ப் புட்டியைத் திறந்தார். அதன் பிறகு போய்ப் படுத்துக்கொண்டார். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். மூக்கு நரம்பு பட்டுப்போயிருக்கிறது, வாசனை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார்.

திரும்பவில்லை. முன்பெல்லாம் நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்குப் புதுச் சாயத்துணி வெட்டினியா?" என்று உள்ளேயிருந்து கேட்பார். அது நின்றுபோனது. நான் கடைக்குப் போன நேரங்களில் அலமாரியைத் திறந்து ஒவ்வொரு பாட்டிலாக முகர்ந்து பார்த்திருக்கிறார். தக்கைகள் மாறி மாறிச் செருகியிருந்ததை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

மன்றத்துக்குப் போவதை மட்டும் அவர் விடவில்லை. அங்கே வருகிற பாட்டில்கள் பெரும்பாலும் அவருக்கு முன்பே பழக்கமானவை என்பதால், பாட்டிலில் ஒட்டிய சீட்டைப் பார்த்துவிட்டு, தேன், புகை, ஈரமரம் என்று பழைய நினைவிலிருந்தே சொல்லிச் சமாளித்து வந்தார். மாஸ்டரிடமும் சொல்லவில்லை. இனிமேல் போகாதீர்கள், இல்லாவிட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று பல தடவை சொன்னேன். "இத்தனை பேரும் என் மூக்கை நம்பித்தான் வர்றாங்க. அவங்க முன்னாடி மூக்கறுபட்டு நிக்கச் சொல்றியா?" என்றார். சொல்லிவிட்டு, சொன்ன வார்த்தை உறைத்து, தானே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகு போன மாதம் தரகர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஒல்லியான ஆள், நரைத்த மீசை, இடது கையில் கடிகாரப் பட்டை மட்டும் இருந்தது, கடிகாரம் இல்லை. மூடிய ஓட்டல் ஒன்றின் கிடங்கிலிருந்து எடுத்ததாகச் சொல்லித் துணியில் சுற்றிய பாட்டிலைக் கொடுத்தார். என் கணவர் சீட்டைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். கேப்டன் கொடுத்த அதே விஸ்கி. விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிறம் பார்த்தார், மூடியின் மெழுகைத் தடவிப் பார்த்தார். கேட்ட தொகையைப் பேரம் பேசாமல் கொடுத்தார். தரகர் போன பிறகு பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, "இப்போ வந்திருக்கு பாரு" என்றார்.

சம்பவத்தன்று மாலை மன்றத்துக்குக் குடும்பத்தினரும் வரலாம் என்று சொல்லியிருந்ததால் நானும் போனேன். மாஸ்டரின் மனைவியும் நானும் சன்னலோரம் உட்கார்ந்திருந்தோம். நீள மேசை, வெள்ளை விரிப்பு, சிறிய கண்ணாடிக் குவளைகள். என் கணவர் மெழுகை உடைத்து எல்லோருக்கும் ஊற்றினார். மாஸ்டர்தான் முதலில் முகர்ந்தார். முகத்தைச் சுளித்து, "என்னடா இது, வார்னிஷ் வாடை அடிக்குது. எனக்கு இந்த வாடை தெரியாதா, வாழ்நாள் பூரா பெயிண்ட்டோட கிடந்தவன்" என்றார். எல்லோரும் குவளையைக் கீழே வைத்துவிட்டு என் கணவரைப் பார்த்தார்கள்.

அவர் குவளையை மூக்கருகே கொண்டுபோய் வெகுநேரம் வைத்திருந்தார். நான் எழுந்து போய், "அவருக்குச் சளி பிடிச்சிருக்கு, வாசனை தெரியாது. மாஸ்டர் சொல்றதைக் கேளுங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். யாரோ, "அண்ணிக்குப் பொறாமை, இத்தனை வருஷமா தேடின சக்களத்தி வந்துட்டாளே" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர் என்னைப் பார்க்காமல், "சளியெல்லாம் எப்பவோ போயிடுச்சு" என்றார். அதன் பிறகு மாஸ்டரிடம், "மூடியே கிடந்த பாட்டில்டா. முதல்ல அப்படித்தான் அடிக்கும். கொஞ்சம் ஆறவிடு, பின்னாடியே தேன் வரும்" என்றார்.

மாஸ்டர், "நீ சொன்னா சரிதான்" என்று குவளையை எடுத்துக் குடித்தார்.

மற்றவர்கள் நாவில் வைத்துப் பார்த்துவிட்டு, பிடிக்காமல், மரியாதைக்காக ஒன்றும் சொல்லாமல் அப்படியே வைத்துவிட்டார்கள். அதனால்தான் அவர்கள் வயிற்றுவலியோடு தப்பினார்கள் என்று மருத்துவர் சொல்கிறார். என் கணவர் மட்டும் நிறுத்தவில்லை. வழக்கமாக ஒரு குவளைக்கு மேல் தொடாதவர், முகர்வதும் குடிப்பதும் மறுபடி ஊற்றிக்கொள்வதுமாக இருந்தார். அந்த வாசனையாவது திரும்பி வருகிறதா என்று தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. மேசையில் வேறு யாருக்கும் தெரியவில்லை. நண்பனைத் தனியாகக் குடிக்க விடக்கூடாதென்று மாஸ்டரும் ஈடுகொடுத்தார். பாட்டிலில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. அதை நேற்று ஆய்வாளரிடம் ஒப்படைத்துவிட்டேன்.

மறுநாள் காலை என் கணவர் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். அந்த நேரத்தில் மாஸ்டரின் மனைவி தொலைபேசியில், "அக்கா, இவரு லைட்டைப் போடு லைட்டைப் போடுன்னு கத்துறாரு. வெயில் மூஞ்சியிலேயே அடிக்குதுக்கா" என்றாள். இரண்டு பேரையும் ஒரே ஆம்புலன்ஸில் ஏற்றினோம். வழியில் என் கணவரும், எல்லாம் வெள்ளையாகத் தெரிகிறது என்றார். கையை நீட்டி மாஸ்டரின் காலைப் பிடித்துக்கொண்டார். மாஸ்டர் அதற்கடுத்த நாள் இறந்துபோனார். அந்தப் பாட்டிலில் மெத்தனால் என்ற விஷச்சாராயம் கலந்திருந்தது என்றார்கள். என் கணவருக்குப் பார்வை போனது போனதுதான் என்று சொல்லிவிட்டார்கள். தரகரின் எண் வேலை செய்யவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு மாஸ்டரின் மனைவி வார்டுக்கு வந்தாள். கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, "அண்ணா, உங்க மூக்குக்குமா தெரியாமப் போச்சு?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. புரியாமல் கேட்டாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் போய்விட்டாள்.

அவள் போய்விட்டாளா என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகு அவர் என் கையைத் தேடிப் பிடித்து, "போலீஸ் கேட்டா, தரகன் ஏமாத்திட்டான்னு சொல்லு. ஜெயில்ல போடட்டும், பரவாயில்ல. மூக்கு போயிடுச்சுன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாத" என்றார். நான் பதில் சொல்லவில்லை. நான் தலையாட்டியிருப்பேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

தனக்கு வாசனை தெரியாது என்பது என் கணவருக்குத் தெரியுமா என்று ஆய்வாளர் கேட்டார். தெரியும். மழைக்காலத்திலிருந்தே தெரியும். தெரிந்துதான் தேன் வரும் என்று சொன்னார். இதை நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை. மாஸ்டரின் மனைவி சாகும்வரை அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். அதனால் சொன்னேன். அவர் யாரையும் கொல்ல நினைத்தவர் அல்லர் என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை ஆய்வாளர் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை. இது என் கணவருக்கும் படித்துக் காட்டப்படும் என்று சொன்னார். அவருக்குக் கண் தெரியாததால் நானே பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுகிறேனே என்று கேட்டேன். சாட்சி அந்த நேரத்தில் அறையில் இருக்கக்கூடாது என்று சொன்னார். சரி என்று கையெழுத்திடுகிறேன்.

(கையெழுத்து)