வெற்றுக் கட்டம்

அத்தான் எங்கள் வீட்டில் இருந்தது நூற்று நாற்பத்திரண்டு நாட்கள். அதில் ஒரு நாள்கூடக் குளியலறை சோப்பை அதன் பெட்டியில் திரும்ப வைத்ததில்லை. ஈரத் தரையில் கிடக்கும். நான் எடுத்துக் கழுவி வைப்பேன். சோப்புக்காக யாரும் யாரையும் கொல்ல மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், அதனால் சொல்கிறேன்.

அவர் என் அக்காவின் கணவர். இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தவர். வாரம் மூன்று முறை டயாலிசிஸ். மருத்துவமனை எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம் என்பதால் இருவரும் வந்து தங்கினார்கள். என் அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கூடத்துச் சோபாவில் படுத்துக்கொண்டேன். நானாகத்தான் கொடுத்தேன். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

அதே மருத்துவமனையில்தான் எனக்கு வேலை. வேதியியல் படித்துவிட்டுத் தரவுத்தளப் பிரிவில் சேர்ந்தேன். மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களின் விவரங்கள் என் பொறுப்பு. தினமும் காலையில் ஒரு குவெரியை, அதாவது தரவுத்தளத்திடம் பட்டியல் கேட்கும் கட்டளையை, ஓட்டுவேன். காத்திருக்கும் நாட்கள், நோயின் தீவிரம், மாதம் ஒரு முறை எடுக்கும் ரத்தப் பரிசோதனையின் முடிவு எல்லாவற்றையும் கூட்டி அது புதிதாக ஒரு நெடுவரிசையை உண்டாக்கும். அதன் பெயர் மொத்தப் புள்ளி. பிறகு ஒவ்வொரு ரத்த வகையிலும் அதிகப் புள்ளிக்காரரை மேலே வைத்து மற்றவர்களைக் கீழே அடுக்கும். மேலே இருக்கும் பத்துப் பேர் மட்டும் டாக்டர்களின் திரைக்குப் போவார்கள். சிறுநீரகம் வந்தால் அந்தப் பத்துப் பேருக்குள்தான் பார்ப்பார்கள்.

அத்தான் மூன்றாவதாக இருந்தார்.

அக்கா ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டாள். "உன் கையிலதானே இருக்கு. அவரக் கொஞ்சம் மேல தள்ளி விடேன்டி."

"அப்படியெல்லாம் செய்யக் கூடாதுக்கா."

"சொந்த அத்தானுக்குக்கூடவா?"

"அவள நச்சரிக்காத, விடு," என்றார் அத்தான். "நம்ம வீட்ல ஃபேன் பேசுது, ஃப்ரிட்ஜ் பேசுது. இந்த ஊமை இன்னிக்குத்தான் வாயத் திறந்திருக்கு. அதப் பாத்து சந்தோஷப்படு."

அக்கா சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நாளாகியிருந்தது. நானும் சிரித்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. அக்காவை ஒரு நாளும் அதட்டியதில்லை. என்னை ஊமை என்று கூப்பிட்டதிலும் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. எண்ணத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

ஆய்வகத்தில் வேலை செய்யும் ஒருவர் தினமும் என்னிடம் நான்கைந்து வார்த்தை பேசுவார். நான் பதில் சொல்லும்வரை காத்திருப்பார். அப்படிக் காத்திருப்பவர்கள் குறைவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் மறந்துவிட்டு வந்த குடையைக் கொடுக்க வீட்டுக்கு வந்தார். அத்தான்தான் கதவைத் திறந்தார்.

"வாங்க தம்பி. நம்ம ஊமையப் பாக்கவா? சத்தமாப் பேசுங்க, காதும் கொஞ்சம் மந்தம். பதிலுக்குக் காத்திருந்தீங்கன்னா ராத்திரிச் சாப்பாடும் இங்கதான்."

வந்தவர் சிரித்தார். குடையைக் கதவில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் ஆய்வகத்துக்குப் போனபோது, "என்ன ஊமை, ரிசல்ட் வாங்க வந்தியா?" என்றாள் ஒரு நர்ஸ். குடை கொண்டுவந்தவர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

இனி நான் செய்தது. உங்கள் கணினி நிபுணர் அதைக் கண்டுபிடிக்க நான்கு நாள் எடுத்துக்கொண்டார். என்னிடம் கேட்டிருந்தால் நான்கு நிமிடம்.

வெற்றுக் கட்டம் பூஜ்யம் இல்லை. பூஜ்யம் ஒரு பதில். வெற்று என்றால் பதிலே வரவில்லை என்று பொருள். எந்த எண்ணோடு வெற்றைக் கூட்டினாலும் விடை வெற்றுதான். எத்தனை வருடம் காத்திருந்தவராக இருந்தாலும் ஒரு கட்டம் நிரம்பவில்லை என்றால் மொத்தப் புள்ளியும் வெற்று. அப்படிப்பட்டவர்களை எங்கள் தரவுத்தளம் எல்லோருக்கும் அடியில் போட்டுவிடும். எனக்கு முன் அந்த வேலையில் இருந்தவருக்கு இது தெரியும். அதனால் குவெரியில் ஒரு வரி சேர்த்திருந்தார். இந்த மாத முடிவு இல்லையென்றால் போன மாத முடிவை எடுத்துக்கொள்ளச் சொல்லும் வரி அது. உடம்புக்கு முடியாதவர்கள் ஒரு மாதம் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வராமல் போகலாம் அல்லவா.

ரத்தம் கொடுக்க வேண்டிய கடைசி நாளன்று காலை அத்தான் போர்வைக்குள்ளிருந்து கேட்டார். "நாளைக்குத்தானே கடைசி நாள்?"

நான் தலையசைத்தேன்.

"ஊமை தலையாட்டிட்டா. அப்போ சரியாத்தான் இருக்கும்," என்று திரும்பிப் படுத்தார்.

அன்று அலுவலகம் போனதும் அந்த ஒரு வரியை நீக்கினேன்.

மறுநாள் ரத்தம் கொடுக்கப் போனவரை, பரவாயில்லை, போன மாத முடிவு இருக்கிறது என்று ஆய்வகத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, "ஊமைக்கும் கணக்குத் தப்புதுப்பா," என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அவருடைய ரத்த வகைக்கு அடுத்த மூன்று வாரங்களில் மூன்று சிறுநீரகங்கள் வந்தன. அக்கா செல்போனை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குளிக்கப் போகும்போது என்னிடம் கொடுத்துவிட்டுப் போவாள். அது ஒலிக்காது என்று தெரிந்தும் வாங்கி வைத்துக்கொள்வேன். மூன்றாம் வாரக் கடைசியில், டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போதே அத்தானின் இதயம் நின்றது. மறுநாள் அந்த வரியைத் திரும்ப எழுதினேன்.

நான் எந்த எண்ணையும் திருத்தவில்லை. பொய்யாக ஒரு வார்த்தை பேசவில்லை.

அடியில் கிடந்தது அத்தான் மட்டும்தானா என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. கேட்பீர்கள். வரியை நீக்கிய மறுநாள் காலை குவெரியை ஓட்டியபோது எட்டுப் பேர் அடியில் இருந்தார்கள். அத்தானும் இன்னும் ஏழு பேரும். ஒவ்வொரு பெயராகப் படித்தேன். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். காய்ச்சலால் ரத்தம் கொடுக்க வராதவள். அத்தான் மட்டும் கீழே இறங்கியிருந்தால் யாராவது ஏன் என்று கேட்டிருப்பார்கள். எட்டுப் பேர் சேர்ந்து இறங்கினால் அது ஏதோ புது விதி மாதிரித் தெரியும். அதனால் அப்படியே விட்டேன்.

அந்த ஏழு பேரில் இருவர் அத்தானுக்கு முன்பே இறந்தார்கள். முதலில் அந்தப் பெண். அவள் இறந்ததைப் பதிவு செய்ததும் நான்தான். அன்றும் அந்த வரியைத் திரும்ப எழுதவில்லை. அவர்கள்மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை.