ஒரு பக்கம் முடியும்வரை

டீ நன்றாக இருக்கிறது ஐயா. பாலை முதலில் ஊற்றிவிட்டு டிகாஷனை மேலே விட்டிருக்கிறீர்கள். கோப்பை விளிம்பில் யாருடைய வாய்த்தடமும் இல்லை. காவல் நிலையத்தில் இப்படி ஒரு சுத்தமான கோப்பையை நான் எதிர்பார்க்கவில்லை.

லூபா உங்களிடம் சொன்னது உண்மைதான். அவளுக்குப் பொய் சொல்ல வராது. நம் அல்மாத்தி நகரத்தில் பாதிப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தவள் அவள். ஆனால் அவள் முடிவை மட்டும் சொல்லியிருப்பாள். முதலிலிருந்து கேட்டால்தான் என் பக்கத்து நியாயம் உங்களுக்குப் புரியும்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் என் வீட்டில் நாலு பேர் கூடுவோம். லூபா, கிரேன் ஓட்டுகிற செரிக், இறைச்சிக்கடை தொக்தார், நான். முறை வைத்து ஒருவர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவருவார். திரைச்சீலையை இழுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு பக்கம் முழுக்கக் கேட்போம். பக்கம் முடியும்வரை பேசக்கூடாது, எழக்கூடாது. முடிந்ததும் என்ன கேட்டோம் என்று ஆளாளுக்குச் சொல்ல வேண்டும். சட்டமெல்லாம் நான் போட்டது. சாவி, சில்லறை, கைப்பேசி என்று சத்தம் போடுகிற எதுவாக இருந்தாலும் வாசலில் செருப்பு அலமாரியோடு சரி.

ஒன்றுக்கு மட்டும் விலக்கு. தொக்தாருக்கு இதய நோய். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்கிற மாத்திரையை ஒரு சின்னக் குழாயில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருப்பான். அவன் மூச்சு விட்டாலே அது கிலுகிலு என்று ஆடும். நான் ஒருமுறை சொன்னதற்கு லூபா கோபித்துக்கொண்டாள். "யெர்மெக், அது அவன் உசுரு. ஆடினா ஆடிட்டுப் போகுது, விடு" என்றாள். விட்டுவிட்டேன். நான் விட்டுக்கொடுக்காத ஆள் இல்லை.

தொக்தாரை நீங்கள் உயிரோடு பார்த்ததில்லை. கையில் எப்போதும் ஆட்டுக்கொழுப்பு. கழுவிட்டேண்ணே என்பான், நகத்தடியில் மஞ்சளாக இருக்கும். தட்டை ஓரத்தில் பிடி என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று, ரொட்டியைப் பிடிப்பதுபோல உள்ளங்கையால்தான் பிடிப்பான். தூசி தெரிந்தால் வாயால் ஊதுவான். எச்சில் தெறித்துத் தட்டில் வெள்ளைப் புள்ளிகளாகக் காய்ந்து நிற்கும். ஊசியில் பிசிறு சேர்ந்தால் கட்டைவிரலை நக்கி எடுப்பான்.

இதையெல்லாம்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். குர்த் உருண்டையைத்தான் பொறுக்க முடியவில்லை. உப்புத் தயிரை உருட்டிக் காயவைப்பது நம் எல்லார் வீட்டிலும் உண்டு, நானும் தின்பவன்தான். அவன் நாள் முழுக்க ஒன்றை வாயில் அதக்கிக்கொண்டிருப்பான். இசை தொடங்கும்போது சப்புகிற சத்தம் வரக்கூடாதே என்று, அதை வாயிலிருந்து எடுத்து என் தட்டின் உறைமேல் வைப்பான். பாதி கரைந்து, எச்சில் ஒழுக, சில சமயம் ஒரு மயிரும் ஒட்டிக்கொண்டு அது அங்கே உட்கார்ந்திருக்கும். பக்கம் முடிந்ததும் எடுத்துத் திரும்ப வாயில் போட்டுக்கொள்வான். என் உறைகளில் பாதிக்கு மேல் அந்த வட்டக் கறை இருக்கிறது, போய்ப் பாருங்கள். புளித்த வாடை இன்னும் போகவில்லை. அவர்கள் கிளம்பிய பிறகு நான் வாந்தி எடுத்திருக்கிறேன்.

மற்ற இருவரும் அவனைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். பக்கம் முடிந்த உடனே, "நீ சொல்லு தொக்தார்" என்பாள் லூபா. அவன் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டாவது வயலின்காரன் ஒருத்தன் இருக்கான் பாருங்க. பாவம், வீட்ல சண்டை போட்டுட்டு வந்திருக்கான். எல்லாரும் அழுது முடிச்சப்புறம் இவன் மட்டும் தனியா ஒரு மூச்சு அழறான்" என்பான். செரிக் விழுந்து விழுந்து சிரிப்பான். லூபா எழுந்துபோய் அந்த இடத்தில் ஊசியை வைப்பாள். அப்படித்தான் இருக்கும். "இத்தனை வருஷமாப் பாடம் எடுக்கறேன், எனக்கு இது கேக்கலையேடா" என்று அவன் எண்ணெய்த் தலையைக் கோதிவிடுவாள்.

பிறகு என் முறை வரும். எந்த வருடத்துப் பதிவு, எந்த ஆலையில் அச்சானது என்று சொல்வேன். "அப்படியா" என்பாள். செரிக் டீ ஊற்ற எழுந்துவிடுவான். பொறாமை என்று எழுதிவிடாதீர்கள் ஐயா. பொறாமை வேறு, அருவருப்பு வேறு.

போன ஞாயிறு என் முறை. மேல் காகிதம்கூடப் பிரிக்காத தட்டு ஒன்று வைத்திருந்தேன். பக்கம் நீளமானது, பித்தளை வாத்தியங்கள் அதிகம் என்று உறையில் போட்டிருந்தது, அதனால்தான் அதை எடுத்தேன். தொக்தாரிடம் கடையிலிருந்து ஒரு முழுக் குதிரைத்தொடைக் கறியைத் தூக்கிவரச் சொன்னேன். லிஃப்ட் பழுது, படியேறி வா என்றும் சொன்னேன். லிஃப்ட்டுக்கு ஒன்றுமில்லை. அவன் உதடு வெளுத்து, வியர்த்து வழிய வந்து சேர்ந்தான். லூபா சமையலறையில் இருந்த நேரமாகப் பார்த்து, "யாரும் தொடாத தட்டு தொக்தார். இன்னைக்கு மட்டும் அந்தக் குழாயைக் குடு. பக்கத்துலதானே இருக்கேன்" என்றேன்.

"அட, எடுத்துக்கோங்கண்ணே. உங்க பையில இருந்தா என்ன, என் பையில இருந்தா என்ன" என்று தந்தான். "வலி வந்தா உங்க பைக்குள்ளதான் கைய விடுவேன். அப்புறம் கூச்சமா இருக்குன்னு நெளியக்கூடாது" என்று சிரிப்பு வேறு. குழாய் பிசுபிசுவென்று இருந்தது.

தட்டு ஓட ஆரம்பித்துச் சற்று நேரத்தில் என் சட்டைக் கையைப் பிடித்தான். ஈரமான விரல்கள். கண்ணைத் திறந்து பார்த்தேன். மற்ற இருவரும் கண்ணைத் திறக்கவில்லை. ஒரு கை நெஞ்சில், ஒரு கை என் பையை நோக்கி வந்தது. நான் அந்தக் கையைப் பிடித்து அவன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். இன்னொரு கையால் என் உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். அவன் தலையாட்டினான். உண்மையில் தலையாட்டினான் ஐயா. பக்கம் முடிந்ததும் தருவேன் என்று நினைத்திருக்க வேண்டும். நெஞ்சிலிருந்த கையை எடுத்துத் தன் வாயைப் பொத்திக்கொண்டான், எங்களுக்குக் கேட்கக்கூடாது என்று. அப்படியே இருந்தான். பிறகு அந்தக் கை கீழே விழுந்தது.

அதன்பின் குழாயை அப்படியே திரும்ப வைத்திருந்தால் இங்கே வந்திருக்க மாட்டேன். என்னால் முடியவில்லை. தட்டு துடைக்கிற துணியில் ஸ்பிரிட் நனைத்து, மூடி இடுக்குவரை துடைத்துவிட்டுத்தான் அவன் பையில் போட்டேன். பக்கம் முடிந்தது. லூபா கண்ணைத் திறந்து, "நீ சொல்லு தொக்தார்" என்றாள். அப்புறம்தான் ஓடிவந்து குழாயை எடுத்தாள். எடுத்தவள் முகர்ந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தொக்தாரின் பொருள் எதுவும் அவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை.

ஆமாம், நான்தான் கொன்றேன். வேண்டுமென்றே, யோசித்து. எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இசைக்காகச் செய்தேன் என்பதையும் எழுதுங்கள். கிலுகிலு இல்லாமல், ஊளைமூக்குச் சத்தம் இல்லாமல், ஒரு பக்கத்தை முழுசாகக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வேறொன்றுமில்லை.

அந்தப் பக்கத்தில் என்ன கேட்டேன் என்றா கேட்கிறீர்கள்.

பொறுங்கள். பித்தளை வாத்தியங்கள் இருந்தன. அதை உறையிலேயே போட்டிருந்தது. அதற்கு மேல், அவன் வாய்க்குள் அடங்கின மூச்சுதான் கேட்டது, கடைசிவரை அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இசை ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

தொக்தார் இருந்தால் சொல்லியிருப்பான்.