ரெண்டு தட்டு போதும்

தூக்கம் கெட்டால் எனக்குத் தலைவலி வந்துவிடும் சார். மற்றபடி நான் பொறுமைசாலி. சாப்பாட்டு ஆப் ஒன்றில் புகார் கேட்கும் வேலை. ஊரார் வாயில் விழுந்து எழுந்து, "மன்னிச்சிடுங்க மேடம்" என்று சொல்கிறவனுக்குப் பொறுமை இல்லாமல் எப்படி?

என் மனைவிக்கு இந்தத் தலைவலி தெரியும். நைட் ஷிப்ட் முடிந்து பகலில் படுத்திருந்தபோது ஒருமுறை டெலிவரிக்காரர் பெல் அடித்துவிட்டார். எழுந்து வந்து அவள் மேல் கை நீட்டினேன். தாடை கொஞ்சம் விலகிவிட்டது. அதிலிருந்து எதை ஆர்டர் செய்தாலும் குறிப்பு எழுதுவாள்: "பெல் அடிக்காதீங்க. உள்ள தூங்குறாங்க. கதவுல ரெண்டு தட்டு போதும்."

பிறகு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள். நம்பர், பெயர், எல்லாம் மாற்றிக்கொண்டாள். அவள் அக்கா போனில், "நீ தலகீழா நின்னாலும் அவளக் கண்டுபிடிக்க முடியாது" என்றாள். பாவம், அக்காவுக்கு என் வேலை என்னவென்று சரியாகத் தெரியாது.

எங்கள் திரையில் குறிப்புகளைத் தேடலாம். அவள் எழுதுவதை அப்படியே போட்டேன். ஊர் முழுக்க ஒரே வீடு வந்தது. புகார் இருந்தால்தான் முகவரி திறக்கும். சாப்பாடு ஆறிப்போயிருந்தது என்று அவள் பெயரில் நானே ஒரு புகார் போட்டேன். எந்த மாடி, எந்தக் கதவு, எப்போது வீட்டிலிருப்பாள், எல்லாம் வந்தது. என்னைத் தேட அவளிடம் அப்படி ஒரு திரை கிடையாது. சூப்பர்வைசர் எட்டிப் பார்த்து, "சட்டுபுட்டுன்னு முடிப்பா" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது சார். ஒரு ஆள் சாப்பாடுதான் வாங்குகிறாள். அங்கே தூங்க யாருமில்லை. ஆனாலும் அதே குறிப்பு. என் மேல் அவ்வளவு பாசம்.

கூட்டிவரத்தான் போனேன். அவள் மதியச் சாப்பாடு ஆர்டர் போட்டதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். டெலிவரிப் பையில் சுத்தியல் வைத்தது, கதவு திறக்காவிட்டால் என்ன செய்வது என்றுதான். கதவைத் தட்டினேன். "தோ வரேன்ணா" என்றாள். என்னிடம் அவ்வளவு கனிவாக அவள் பேசியதே இல்லை.

திறந்தாள். என்னைப் பார்த்ததும் அலறினாள். சத்தம் எனக்கு ஆகாது என்று தெரிந்தும் அலறினாள். அது நிற்கும்வரை அடித்தேன். முகத்தில்தான் அதிகம். நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அடித்தேன்.

நீங்கள் என்னை மிருகம் என்கிறீர்கள். அவள் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட நான் மீறவில்லை சார். பெல் அடிக்கவில்லை. ரெண்டே தட்டுதான் தட்டினேன்.